வகுப்பறைக் காற்றும் அமானிதமே

11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ரிள்வான், எகிப்து மக்களின் நோய்த்தடுப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஃபுஸ்தாத் நகரின் உயர்ந்த கட்டடங்களையும் குறுகிய தெருக்களையும் குளியலகங்களின் உலைப்புகையையும் காற்றைக் கெடுப்பனவாக அதில் சுட்டினார்.

அறைக்காற்றுக்கு அளவுகோல் தந்தவர், ஜெர்மனியின் மியூனிக் நகரச் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர். கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அறையில் காற்றோட்டம் போதாது என்று 1858-இல் அவர் வரையறுத்தார். அந்த அளவில் அவ்வாயு நஞ்சன்று. பலர் விட்ட மூச்சு வெளியேறாமல் தேங்கியதற்குச் சாட்சி.

இன்றோ குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்துவிட்டு, ஓதும் பிள்ளை கொட்டாவி விட்டால் கடிந்துகொள்கிறோம். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பாடத்துக்கு முன் மதரஸாவின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைப்பதும் அதைப் பேணுவதே.