கோடாவும் கலப்பும்

பதுளைத் தோட்டங்களின் குடியைப் பற்றிப் பேசும்போது தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பழிப்பதே படித்தவர் பலருக்கு வழக்கம். போத்தலுக்குள் இருப்பது யாது என நாம் கேட்பதில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அது அரசின் பெரிய வருவாய்களுள் ஒன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டக் கூலியில் ஒரு பங்கு தவறணை வழியே கருவூலம் சேர்ந்தது. தவறணை விலை எட்டாதவனுக்குக் கசிப்பு வாய்த்தது. சீனியும் ஈஸ்ட்டும் இட்டுப் புளிக்கவைத்த கோடாவில் மெதனோல் மிகச் சொற்பமே. விற்பவன் தொழிற்சாலைச் சாராயத்தைக் கலக்கும்போதுதான் நஞ்சு புகுகிறது. நிறத்திலோ மணத்திலோ அதை அறிய இயலாது.

குடிப்பவனின் அறியாமை எங்கும் வியாபாரமாகியிருக்கிறது. மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவில், 1930இல், அரசின் சோதனையை ஏமாற்ற 'ஜமேக்கா இஞ்சி' மதுவில் கலந்த இரசாயனம் ஆயிரக்கணக்கான ஏழைகளின் கால்களை முடக்கியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மெதனோலுக்குப் பலியாயினர். அவர்களிலும் கூலித் தொழிலாளரே மிகுதி. ஹெரோயினில் மறைந்த பென்டனிலைக் காட்டும் தாள்பட்டைகளை இன்று அமெரிக்காவில் இலவசமாகவே வழங்குகின்றனர். லயத்துக் குடிகாரனுக்கோ விற்பவனின் வாய்ச்சொல்லே சோதனை.

மெதனோல் உடலில் போர்மிக் அமிலமாகிக் கண் நரம்பை அழிக்கப் பல மணி நேரம் செல்லும். வெறி தெளியட்டும் என்று லயத்தில் படுக்கவைக்கும் அந்த நேரத்தில்தான் அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.