தரைக்கம்பளம் இழுத்துப் பொருத்தும் கைக்கருவிகள்

தரைக்கம்பளம் பொருத்துதல் என்பது, அறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை விரிக்கப்படும் கம்பளத்தைச் சுருக்கமின்றி விறைப்பாக இழுத்து, அதன் ஓரங்களைச் சுவரடியில் செருகி நிலைப்படுத்தும் கைத்தொழில் ஆகும். இது குளிர்நாடுகளில் வளர்ந்த தொழில். இதன் கருவிகளில் மிகவும் பெயர் பெற்ற ஒன்று, அதைப் பயன்படுத்தியவர்களின் முழங்காலையே கெடுத்தது.

தமிழகத்தில் விரிப்பு என்றால் விரித்துப் பின் சுருட்டி வைப்பது. கல்யாண வீட்டிலும் கச்சேரியிலும் ஜமக்காளம் விரிப்பார்கள். முடிந்ததும் உதறிச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். புழுக்கமும் தூசியும் நிறைந்த ஊரில் தரையோடு ஒட்டிய விரிப்பை யாரும் விரும்பவில்லை. ஆங்கிலேயத் துணிகளின் போட்டியால் நலிந்த பவானி நெசவாளர்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தடித்த வண்ண நூலைக் கொண்டு நெய்யத் தொடங்கியதே பவானி ஜமக்காளம். அதற்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே இழுவை முழுவதும் தறியிலேயே முடிந்துவிடுகிறது. கைத்தறியில் நெய்த பகுதி அகலம் குறுகாமல் இருக்க, இரு முனைகளிலும் ஊசி பதித்த ஒரு குச்சியைக் குறுக்கே மாட்டுவது வழக்கம். ஊசியால் ஓரத்தைப் பிடித்து விறைப்பாக நிறுத்தும் இந்த எளிய உத்தியைத்தான் கம்பளம் பொருத்துவோர் அறையின் அளவுக்குச் செய்கிறார்கள்.

ஆணியிலிருந்து ஆணிப்பட்டைக்கு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கம்பளம் பெரும்பாலும் 27 அங்குல அகலப் பட்டைகளாகவே நெய்யப்பட்டது. பட்டைகளைக் கையால் தைத்து இணைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, சிறு ஆணிகளை நெருக்கமாக அடித்தார்கள். ஆணி அடித்த இடமெல்லாம் குழி விழும். ஆண்டுக்கு ஒருமுறை ஆணிகளைப் பிடுங்கி, கம்பளத்தை வெளியே கொண்டுபோய் அடித்துத் தூசி போக்குவதும் உண்டு. வேலையாட்கள் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, காந்தமுனைச் சுத்தியலில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்து அடிப்பார்கள்.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆணிப்பட்டை இந்த முறையை மாற்றியது. இது ஏறத்தாழ ஓர் அங்குல அகலமுள்ள மெல்லிய மரப்பட்டை. அதன் முகத்தில் கூரிய முனைகள் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும். பட்டையைச் சுவரை ஒட்டி அடிக்காமல், கம்பளத்தின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். கம்பளத்தைச் சுவர்ப்பக்கம் இழுத்து முனைகளில் மாட்டினால், அது பின்வாங்க முயலும்போதெல்லாம் இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்ளும். மிஞ்சிய ஓரத்தை வெட்டிவிட்டு, அகன்ற மழுங்கிய உளி போன்ற தகட்டால் அந்த இடுக்கில் அழுத்திச் செருகுவார்கள். தகடு கூராக இருந்தால் கம்பளத்தின் அடித்துணி அறுபடும். இடைவெளி அதிகமானால் ஓரம் தளர்ந்து எழும்பும்.

கம்பளமும் மாறியது. ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரில், கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் 1895இல் கையால் குஞ்சம் வைத்துச் செய்த படுக்கை விரிப்பிலிருந்து ஒரு குடிசைத்தொழில் பிறந்தது. பின்னர் அது இயந்திரத்துக்கு மாறி, 1950களில் அகலமான மலிவுக் கம்பளங்களைத் தந்தது. நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் தரை முழுவதும் கம்பளம் வந்தது. பொருத்துவோருக்கு வேலை குவிந்தது.

முழங்கால் உதைப்பான்

கம்பளத்தை முனைகளில் மாட்டப் பயன்பட்ட கருவி, ஆங்கிலத்தில் நீ கிக்கர் எனப்படும் முழங்கால் உதைப்பான். ஒரு முனையில் பற்கள், நடுவில் குறுகிய தண்டு, மறுமுனையில் மெத்தை. பற்களைச் சுவருக்குச் சில அங்குலம் முன்னே கம்பளத்தில் பதித்து, மண்டியிட்டபடி, முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உள்ள பகுதியால் மெத்தையை உதைக்க வேண்டும். கருவி சிறியது, விலை குறைவு, எந்த மூலையிலும் நுழையும். தொழிலாளர்கள் அதைக் கைவிடாததில் வியப்பில்லை.

உடலையே கருவியாக்கும் வேலைகள் நம்மிடமும் உண்டு. வானூரை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் பாத்தித் தரையைக் காலால் மிதித்தே இறுக்குகிறார்கள். ஆனால் மிதிப்பது வேறு, மோதுவது வேறு. உதைப்பானின் ஓர் அடியில் முழங்கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல 4 மடங்கு வரை போகும். ஒரு மணி நேரத்தில் நூறு முறைக்கு மேல் உதைப்பவர்களும் இருந்தனர். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் 1990இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, கம்பளம் பொருத்துவோர் அந்நாட்டுத் தொழிலாளர்களில் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு. முழங்கால் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 6.2 விழுக்காடு அவர்களுடையவை. எதிர்பார்க்கத்தக்க அளவைப் போல இது 108 மடங்கு.

அந்த எச்சரிக்கை பரிந்துரைத்த மாற்று, பவர் ஸ்ட்ரெச்சர் என்னும் நெம்புகோல் இழுப்பான். பெயரில் பவர் இருந்தாலும் அது கையால் இயங்குவதுதான். எதிர்ச் சுவரில் கட்டையை முட்டுக்கொடுத்து, குழாய்களை அறையின் நீளத்துக்கு இணைத்து, பற்களுள்ள தலையை இந்தப் பக்கச் சுவருக்கு அருகில் பதித்து, கைப்பிடியை அழுத்தினால் கம்பளம் சீராக இழுபடும். செயற்கை அடித்துணி கொண்ட கம்பளத்தை நீளத்திலும் அகலத்திலும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்துறை நெறி. 12 அடி அறையில் இது சுமார் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். உதைப்பானின் அடி சுவரோரத்தை மட்டுமே இறுக்குவதால் நடு அறையில் இந்த அளவு கிடைப்பது அரிது. சில ஆண்டுகளில் அங்கே அலை எழும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலையும் நன்றாக அமைந்து முழங்காலும் தப்பும் கருவி கையில் இருந்தும், குழாய்களைச் சுமந்து வந்து இணைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பதால் பலர் பழையதையே எடுத்தார்கள்.

படிக்கட்டிலும் சிறு அலமாரி அறையிலும் நெம்புகோல் இழுப்பானை விரிக்க இடமில்லை. அங்கே இன்றும் உதைப்பானே பயன்படுகிறது. சென்னை போன்ற நகரங்களின் அலுவலகங்களில் பெரும்பாலும் சதுரத் துண்டுகளாக வரும் கம்பளத்தைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். அதில் இழுப்பது கிடையாது. மண்டியிடுவது மட்டும் மாறவில்லை.