மாடி ஹார்த்தும் அதுக்குக் கீழே இருக்கிற வளைவும்

லண்டன்ல பழைய விக்டோரியா காலத்து வீடு ஒண்ணு வாங்கியிருக்கிற நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். மாடியில மகளோட ரூம்ல, குளிருக்கு நெருப்பு மூட்டுற கணப்பு. அதுக்கு முன்னாடி தரையில பதிச்சிருக்கிற கல்லுக்கு ஹார்த்னு பேரு. அது குறுக்கே விரிசல் விட்டிருக்கு. "சிமெண்ட் பூசிட்டா நெருப்பு போடலாம்ல?"ன்னு கேட்டான். கல்லைத் தூக்கிப் பாருடான்னு சொன்னேன்.

காரணம் இதுதான். கீழ்வீட்டு ஹார்த்துக்கு அடியில பெரும்பாலும் மண்ணு. மாடியில சுத்தி இருக்கிறதெல்லாம் மரம். மரத்தரைக்கு நடுவுல நெருப்பை எப்படி வைக்கிறது?

லண்டன்காரங்களுக்கு இந்த பயம் நல்லாவே தெரியும். 1666 செப்டம்பர்ல புட்டிங் லேன் பேக்கரி ஒண்ணுல பிடிச்ச தீ, சுமார் 13,200 வீடுகளை அழிச்சது. அடுத்த வருஷமே வந்த மறுகட்டுமானச் சட்டம், வெளிச்சுவர் செங்கல்லாவோ கல்லாவோதான் இருக்கணும்னு சொன்னது.

மாடி நெருப்புக்குக் கட்டடக்காரங்க கண்ட வழி ட்ரிம்மர் ஆர்ச். தரையைத் தாங்குற மரச்சட்டங்களை சிம்னி வரைக்கும் கொண்டு போகாம முன்னாடியே நிறுத்தி, குறுக்கே ஒரு தடிமனான சட்டம் போடுவாங்க. அதுதான் ட்ரிம்மர். சிம்னி சுவர்ல இருந்து அது வரைக்கும் செங்கல்லால அரை வளைவு. வளைவுக்கு மேல கலவை நிரப்பி, கடைசியா கல். ஆக, நாம பார்க்கிற கல் வெறும் மூடிதான். எடையைத் தாங்குறதும் மரத்தைக் காப்பாத்துறதும் அந்த வளைவு.

பிற்காலத்துல குழாய், வயர் போடுறப்போ வளைவை உடைச்சிருக்கலாம். ட்ரிம்மர் உளுத்தும் போயிருக்கலாம். கல் விரிசல் விட்டா சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். விரிசல் வழியா விழுற ஒரு தணல், மரத்துல மணிக்கணக்கா சத்தமில்லாம கனியும். எல்லாரும் தூங்கின பிறகுதான் பத்தும்.

மேல சிமெண்ட் பூசுறது, எரர் மெசேஜை மறைச்சுட்டு பக்கை அப்படியே விடுற மாதிரி. நானும் ஆபீஸ்ல பண்ணியிருக்கேன். சரியான வரிசை வேற: முதல்ல மரம், அப்புறம் வளைவு, கடைசியா கல். கலவைக்கு சுண்ணாம்பு நல்லது. பழைய வீடு லேசா அசைஞ்சாலும் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

நேத்து நண்பன் கூப்பிட்டான். வளைவுல ரெண்டு செங்கல்லைக் காணோம். யாரோ எப்பவோ அந்த இடத்துல ஒரு பலகையைச் சொருகியிருக்காங்க.

பலகையோட ஓரம் ஏற்கெனவே கருகியிருந்தது.