பூச்சியத்தையும் எழுதி வைத்தவர்கள்

"முந்தியெல்லாம் மாரி மழை பிந்தாது" எண்டு தோப்பூர் வயற்காரப் பெரியாக்கள் சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அது உண்மையா, இல்லாட்டி நல்ல வருசங்கள் மட்டும் நினைவில நிக்குதா? இந்த வழக்குக்குச் சாட்சி கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது: திருகோணமலை வானிலை நிலையத்தின் பதிவேடு.

பிரித்தானியருக்குத் திருகோணமலை ஒரு கடற்படைத் துறைமுகம். இங்கே மழையும் வெப்பமும் அளந்து எழுதும் வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. அப்போது அது நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பு. 1907இல் கொழும்பில் அவதான நிலையம் வந்தது. 1948இல் வளிமண்டலவியலுக்குத் தனித் திணைக்களம் உருவானது.

வேலை சின்னது, ஆனால் லேசானதில்லை. மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் எண்டால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணி. மழையே இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து 0 எண்டு எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, ஆள் போகவில்லையா எண்டு நூறு வருசம் கழித்து ஆருக்கும் தெரியாது.

எங்கட ஞாபகம் அப்படி வேலை செய்வதில்லை. டிசம்பர் 26 என்றால் 2004 சுனாமிதான் நினைவுக்கு வரும். அதே திகதியில், 2000ஆம் ஆண்டில், திருகோணமலைக்குப் பக்கத்தில் ஒரு புயல் கரை கடந்தது. பெரிய துயரம் சின்னதை மூடிவிட்டது. பதிவேடு மூடுவதில்லை.

ஒரு இடத்தின் 'வழமையான' மழை எவ்வளவு என்று சொல்ல உலகெங்கும் 30 வருசச் சராசரியை எடுக்கிறார்கள். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை கூடும் போக்கு உண்டு. பல பத்தாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. பெரும்போகம் விதைப்பவர்களுக்கு உயிரான மாதங்கள் அவை.

ஆனால் குடாவுக்கு அந்தப் பக்கம் பெய்த மழை எங்கட வயலிலும் பெய்திருக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூட வளவில் ஒரு மழைமானி, ஒரு கொப்பி, காலை 8.30க்கு முறைவைத்துப் போக நாலு பிள்ளைகள் போதும். இந்த மாரியில் தொடங்கினால், 30 வருசத்தில் தோப்பூருக்கெண்டு ஒரு சாட்சி இருக்கும். மழை பிந்துதா எண்டு எங்கட பிள்ளைகள் ஊகிக்கத் தேவையில்லை, புரட்டிப் பார்க்கலாம்.