சாலமன் என்னும் பியானோ வித்தகர்

மேனாட்டுச் சங்கீத உலகில் பியானோ வாசித்துப் பெரும்புகழ் ஈட்டியோர் பலர். ரூபின்ஸ்டைன், ஹோரோவிட்ஸ் போன்றோரின் பெயர்களை அச்சங்கீதத்தில் பழக்கமில்லாதவர்களும் கேள்வியுற்றிருப்பர். அவர்களோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கவராயினும், பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போரன்றிப் பிறர் பெரிதும் நினையாதவராகிவிட்டார் ஆங்கில நாட்டுச் சாலமன். அவருடைய வாசிப்பின் தன்மையை நாம் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

1902-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், தையற்றொழில் செய்துவந்த யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கட்னர் என்பது குடும்பப் பெயர். ஆயினும் மேடையில் அவர் இறுதிவரை வெறும் சாலமன்தான். விண்ணப்பத் தாள்களில் குடும்பப் பெயருக்கென விட்டிருக்கும் இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று மும்பையிலும் தில்லியிலும் திகைத்து நிற்கும் நம்மவர்க்கு இச்செய்தி ஓரளவு ஆறுதலளிக்கலாம்.

1911-இல், ஒன்பது வயது நிரம்புவதற்கு முன்னரே, இலண்டனின் குவீன்ஸ் ஹாலில் வாத்தியக் குழுவினருடன் வாசித்து அவையோரை வியக்கச் செய்தார். அவருடைய ஆசிரியை மெட்டில்டா வெர்ன், கிளாரா ஷூமனிடம் பயின்றவர், கண்டிப்பு மிக்கவர். இளமையில் மேதையெனப் போற்றப்படும் குழந்தைகளுக்கு நேரும் சோர்வு இவரையும் விடவில்லை. பதின்பருவத்திலேயே மேடையை விட்டு விலகினார். சில ஆண்டுகள் இலண்டனிலும் பாரிஸிலும் அமைதியாகப் பயின்று, 1920-களின் தொடக்கத்தில் மீண்டும் அரங்கேறினார். முதலில் வந்தவன் ஒரு வியப்புக்குரிய சிறுவன்; மீண்டு வந்தவரோ ஒரு கலைஞர். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியையொட்டி ஆர்தர் பிளிஸ் இயற்றிய பியானோ கான்சர்டோவை முதன்முதலாக வாசித்தவர் இவரே. போர்க்காலத்தில் படைவீரர்களுக்காகப் பல இடங்களிலும் சென்று வாசித்தார்.

இனி, அவர் வாசிப்பின் சிறப்புக்கு வருவோம். பியானோவில் விசையை அழுத்தியதும் சிறு சுத்தியல் ஒன்று தந்தியைத் தாக்குகிறது. எழுந்த நாதம் அக்கணமே தேயத் தொடங்குகிறது. வீணையிலும் மீட்டிய நாதம் தேய்வதே. எனினும் வைணிகர் தந்தியை இழுத்துக் கமகம் பிடித்து அதற்கு உயிரூட்டலாம். பியானோ வாசிப்பவர்க்கு அவ்வழியும் இல்லை. பிறந்த சுரத்தை அவர் மீண்டும் தொட முடியாது. ஆகவே விரைவுகால வாசிப்பைக் காட்டிலும் விளம்பகால வாசிப்பே அங்கே உண்மையான சோதனை. ஒரு சுரம் தேயும் அளவையறிந்து, அதற்கேற்ற கனத்தில் அடுத்ததை வைத்தாலன்றி இசை துண்டு துண்டாகிவிடும்.

இச்சோதனையில் சாலமனை விஞ்சியவர் மிகச் சிலர் என்பது நம் கருத்து. பீத்தோவனின் 29-ஆவது சொனாட்டாவாகிய ‘ஹாமர்கிளாவியரை’ அவர் 1952-இல் இசைத்தட்டில் பதிவு செய்தார். அதன் மூன்றாம் அங்கம் நெடிய சோக கீதம். சாலமன் கையில் அது இருபது நிமிடங்களுக்கு மேல் நடக்கிறது. அத்தனை மந்தமான காலப்பிரமாணத்திலும் இழை அறுவதில்லை. உருக்கம் காட்டவேண்டும் என்று ஓரிடத்திலேனும் அவர் முயல்வதுமில்லை. வாசிப்பவர் மறைந்து உருப்படி மட்டும் நிற்கிறது. அவரைக் குளிர்ச்சியானவர் என்று குறை கூறியவர்களும் உண்டு. அவர்கள் இந்த அங்கத்தைப் பொறுமையாகக் கேட்டார்களா என்பது நம் ஐயம்.

பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்யும் பணியை 1951-இல் அவர் மேற்கொண்டார். அவற்றுள் 18 முடிந்திருந்தன. 1956-இல் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலற்றுப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 54 தான். அதன்பின் அவர் மேடையேறவே இல்லை.

காலமும் அவருக்குப் பகையாயிற்று. ஓரிரண்டு ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. புதிய முறையில் எல்லா உருப்படிகளையும் நிறுவனங்கள் மறுபடி பதிவு செய்தபோது, வேறு கலைஞர்களே அங்கே அமர்ந்திருந்தனர். சாலமனின் தட்டுகள் பெரும்பாலும் பழைய ஒற்றைத் தட ஒலிப்பதிவுகள். அவை கடையின் பின்வரிசைக்குப் போயின. தாமே வாசித்து நினைவூட்டவும் அவருக்கு இயலவில்லை. தம் பெயர் மெல்ல மங்குவதைக் கண்டுகொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1988 பிப்ரவரியில் இலண்டனில் மறைந்தார்.

அப்பதிவுகள் பின்னர்க் குறுந்தகடுகளாகவும் வெளிவந்தன. பீத்தோவனின் கடைசி மூன்று சொனாட்டாக்களும் முடிந்த பதினெட்டில் அடங்கியிருப்பது நமது பேறு. மேனாட்டுச் சங்கீதத்திற்குப் புதியவர்கள் ‘ஹாமர்கிளாவியரில்’ தொடங்க வேண்டியதில்லை. ‘மூன்லைட்’ என வழங்கும் 14-ஆவது சொனாட்டாவின் முதலங்கம் போதும். பலர் வாசிப்பதினும் மெதுவாகவே சாலமன் அதை வாசித்திருக்கிறார். இரவில், வீதியின் ஓசை அடங்கியபின் கேட்பது நலம்.