இரைச்சல் செய்யும் வேலை

புஜைராவிலிருந்து பேசுகிறேன். நான் செவிலி, இயற்பியல் படித்தவள் அல்ல. வார்டில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. "ஒரே மருந்து, ஒரே டோஸ். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் திரும்ப வந்தது?" மாத்திரையைத் தவறவிட்டிருப்பார் என்றே சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள்.

1827இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் ஆடுவதைக் கண்டார். நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால் வரும் ஆட்டம் அது என்று 1905இல் ஐன்ஸ்டைனும் 1906இல் ஸ்மொலுகோவ்ஸ்கியும் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1940இல் டச்சு இயற்பியலாளர் கிராமர்ஸ் இதை வேதிவினைக்குக் கொண்டுவந்தார். வினை நடக்க மூலக்கூறு ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். அதை மேலே தள்ளுவது சுற்றிலுமிருந்து வரும் தாறுமாறான இடிதான். இந்த இரைச்சல் இல்லையென்றால் வினையும் இல்லை. எப்போது தாண்டும் என்று சொல்ல முடியாது. சராசரியாக எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் சொல்லலாம்.

சிதறிக் கிடந்த இந்தக் கணக்குகளை 1943இல் ஒரே நீண்ட கட்டுரையில் தொகுத்தவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்து அலைக்கழிப்பதை ஆராய்ந்தவர், அதே கட்டுரையில் கூழ்மத் துகள்கள் திரள்வதையும் கிராமர்ஸின் மேட்டையும் விளக்கினார். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது விண்மீன் ஆய்வுக்கு. ஆனால் இந்தக் கட்டுரையை வேதியியலாளர்களும் தேடிப் படித்தார்கள்.

ஒரு டம்ளர் நீரில் மூலக்கூறுகள் எண்ணிலடங்காதவை. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நுண்ணுயிரின் செல்லுக்குள் அப்படியில்லை. சில மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அதன் போக்கே மாறலாம்.

1944இல் டப்ளினில் ஜோசப் பிகர் பெனிசிலினைச் சோதித்தபோது, சுமார் பத்து லட்சத்தில் ஒரு பாக்டீரியா சாகாமல் நின்றது. அதன் சந்ததியோ அதே பெனிசிலினுக்கு மடிந்தது. ஆகவே அது பரம்பரை எதிர்ப்பு அல்ல. மருந்து வருவதற்கு முன்பே சில பாக்டீரியாக்கள் வளராமல் உறங்கியிருந்ததை 2004இல் நதாலி பலாபனும் உடன் பணியாற்றியவர்களும் படம்பிடித்தார்கள். ஈ.கோலையில் ஒரு நச்சுப்புரதம் தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த உறக்கம் வருகிறது என்று 2010இல் அவரது குழு காட்டியது.

திரும்ப வரும் தொற்றுக்கெல்லாம் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவருக்கும் நோய் திரும்பலாம். அப்போது அவர்மேல் சந்தேகப்படாமல் அடுத்த பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதே எங்கள் வேலை.