என்ஜின்எக்ஸ்: எதை விட்டுட்டு பில்டு பண்றது?

2002-ல ரஷ்யாவோட ராம்ப்ளர் நிறுவனத்துல வேலை பார்த்த இகோர் சிசோயெவ் எழுத ஆரம்பிச்ச வெப் சர்வர்தான் என்ஜின்எக்ஸ். அப்போ எங்கேயும் அப்பாச்சிதான். அது ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு ப்ராசஸை ஒதுக்கும். கூட்டம் சேர்ந்தா ரேம் காலி. என்ஜின்எக்ஸ்ல ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனைப் பார்த்துக்கும். 2004 அக்டோபர்ல அதைப் பொதுவுல வெளியிட்டார்.

ஆனா ஒரு கண்டிப்பு. எந்த மாட்யூல் வேணும், எது வேணாம்னு கம்பைல் பண்ணும்போதே முடிவெடுக்கணும். மனசு மாறினா மறுபடி பில்டு. தேவைப்படும்போது ஏத்திக்கிற டைனமிக் மாட்யூல் 2016-லதான் வந்தது, 1.9.11 வெர்ஷன்ல. எனக்கென்னவோ அந்தக் கண்டிப்பு பிடிச்சிருக்கு, யோசிக்க வைக்குது.

ரீரைட் மாட்யூலை விட்டா பிசிஆர்இ லைப்ரரி தேவையில்லை. ஜீஜிப்பை விட்டா இசட்லிப் தேவையில்லை. எச்டிடிபிஎஸ்ஸோ நாம கேட்டாத்தான் சேரும்.

ஜெகதளாவுல என் வீட்டுச் சின்ன போர்டுல ஓடுற சர்வருக்கு ரீரைட்டை எடுத்துட்டேன். ஜீஜிப்பைத் தொடலை. பக்கத்தைச் சுருக்கி அனுப்புறது அதுதான். அதை எடுத்தா சர்வர் கொஞ்சம் இளைக்கும். ஆனா மலைச்சரிவுல ஒரு பாயின்ட் டவரை வச்சுக்கிட்டு பக்கம் திறக்கிறவங்களுக்கு டேட்டா கூடும், காத்திருப்பும் கூடும். இன்னொண்ணு: பில்டுல இருந்தா மட்டும் போதாது. டீஃபால்ட்டா ஜீஜிப் ஆஃப்லதான் இருக்கும், கான்ஃபிக்ல ஆன் பண்ணணும்.